நகோமி சாப்பிட்டாளா?

மாண்ட்ரியல்
18 நவம்பர் 1974

சிரஞ்சீவி ரகுநாதனுக்கு அம்மா மனதார ஆசீர்வதித்து எழுதுவது. நானும் டெனீஸும் இங்கே சௌக்கியம். நீ வான்கூவரில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். முதல் வரியிலேயே டெனீஸ் பேரா என்று முகத்தைச் சுளிக்காதே, உன் பெண்டாட்டி பேர்தானே, மிச்சத்தையும் படி.

இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. வில்லரே பேட்டையில் நம் வீட்டு வெளிப்படி கண்ணாடி மாதிரி வழுக்குகிறது, டெனீஸ் உப்பைத் தூவிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறாள். காரை நீ கொண்டுபோய்விட்டதால் புவாண்ட்-கிளேர் ஆபீஸுக்கு மெத்ரோ ரயில், பஸ் என்று மாறி மாறி இருட்டோடு போகிறாள், இருட்டோடு வருகிறாள். கீழ்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்தால் போன்ஜூர் என்கிறாள், நானும் போன்ஜூர் என்கிறேன், அதற்கு மேல் பேச்சு வராததால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நிற்கிறோம். உறை ஊற்றின பாலை ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் நம்மூர் மாதிரியே தயிர் உறைகிறது.

உன் கடிதமும் விமான டிக்கெட்டும் வந்தன. உங்கள் இரண்டு பேருக்கும் இனி ஒத்துவராது, கோர்ட் மூலமாகப் பிரிந்துவிடப் போகிறீர்கள், பிள்ளை இருக்கிற இடம்தான் தாய்க்கு இடம், அதனால் உடனே கிளம்பி வா என்று எழுதியிருக்கிறாய். உங்களுக்குள் என்ன என்று நான் தோண்டித் துருவப் போவதில்லை, இரண்டு கை தட்டினால்தான் ஓசை. டிக்கெட்டை டெனீஸிடம் காட்டினேன். போங்கோ அம்மா, ரகு தனியா இருக்கான், இங்கே உங்களுக்கு யார் இருக்கா என்று என்னிடம் கற்றுக்கொண்ட தமிழிலேயே எனக்குச் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். என் பெட்டியைத் தூசி தட்டிக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூன்றாம் தடவையும் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள், எனக்குத் தெரியாதா.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பைபிளில் வருகிற ஒரு மாமியார் மருமகள் கதையைப் பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகச் சொன்னாள். மாமியார் பேர் நகோமி. பஞ்சம் பிழைக்க மோவாப் என்கிற அயல்தேசத்துக்குப் போன இடத்தில் புருஷனும் போய், இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். சொந்த ஊரான பெத்லகேமுக்குத் திரும்புகிறவள் மருமகள்களைப் பார்த்து, உங்கள் தாய்வீட்டுக்கே போங்கள் என்கிறாள். ஒருத்தி அழுதுகொண்டே போய்விட்டாள். ரூத் என்கிற மற்றவள் மட்டும் போகமாட்டேன் என்று கூடவே நடந்தாள். வழியில் என்ன நடந்தது என்று கேட்டேன், அதெல்லாம் இல்லை என்றாள் டெனீஸ். எனக்குத் தெரியும். தோல்பையில் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்திருக்கும், மருமகள் தாகமே இல்லை என்றிருப்பாள், மாமியாரும் அதே பொய்யைச் சொல்லியிருப்பாள், யார் முதலில் குடிப்பது என்று நடுவெயிலில் சண்டை போட்டிருப்பார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் கிணற்றடியில் பெண்கள், இவள் எந்த ஊர்க்காரி என்று கண்ணால் அளந்திருப்பார்கள்.

அங்கே அறுப்பு நடந்துகொண்டிருக்கிறது. வயலில் சிந்தின கதிரை ஏழைகளும் அயலூராரும் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அந்த ஜனங்களின் தர்மம், நல்ல தர்மம். ரூத் பொறுக்கப் போனாள். வயல்காரன் மனசு இரங்கி, சாப்பாட்டு வேளையில் வறுத்த தானியம் கொடுத்தான். அவள் வயிறாரச் சாப்பிட்டு, மீந்ததை முடிந்துகொண்டு வந்து மாமியாரிடம் கொடுத்தாள். இங்கேதான் நான் கதையை நிறுத்தினேன். தான் சாப்பிட்டு மீந்ததையா கொடுத்தாள், எச்சில் இல்லையோ, நகோமி அதைச் சாப்பிட்டாளா என்று கேட்டேன். டெனீஸ் கத்தியைக் கீழே வைத்தாள். அது எழுதலை அம்மா, ஆனா அவளுக்குப் பசி என்றாள்.

இந்த வீட்டில் என் அடுப்பு தனி, என் பாத்திரம் தனி என்பது உனக்குத் தெரியும். டெனீஸ் அதில் கைவைத்ததில்லை, நானும் விட்டதில்லை. போன வாரம் எனக்கு நல்ல ஜுரம், தலையைத் தூக்க முடியவில்லை. அவள் லீவு போட்டுவிட்டு, சமையலறை வாசலில் நின்று என் அடுப்பைக் காட்டி, உள்ளே வரலாமா அம்மா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். நான் வைப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றிருக்கிறாள் போலிருக்கிறது, ரசம் வைத்துச் சாதத்தைக் குழைத்தாள். படுத்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. உப்புப் பார்க்கக் கரண்டியை வாயில் வைத்தாள், சப்புக்கொட்டினாள், அதே கரண்டியைத் திரும்பவும் பாத்திரத்தில் விட்டுக் கலக்கினாள். அவர்கள் வழக்கம் அது, அவளிடம் கல்மிஷம் இல்லை. உன் அப்பா இருந்த காலமாக இருந்தால் பாத்திரத்தோடு கொட்டச் சொல்லியிருப்பேன். கிண்ணத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனை நீட்டினாள்.

கதையில் அயல்தேசம் வந்தவள் மருமகள், இங்கே வந்திருப்பவள் நான். அப்பா போன பிறகு நீ அழைத்துவந்தாய், நீதான் இந்த ஊரில் என் வேர் என்று நினைத்திருந்தேன். நீ போன பிறகும் நான் வாடவில்லையே ரகு. அதனால் டிக்கெட்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன். இவள் எங்கே வீடு மாற்றினாலும் என் பெட்டியும் கூட வரும் என்று அவளிடமே சொல்லிவிட்டேன், அவள் அழுத அழுகையில் கீழ்வீட்டு அம்மாள் மேலே ஓடி வந்துவிட்டாள். உன்னை விட்டுவிட்டேன் என்று மட்டும் எண்ணாதே. எனக்கும் உன்னைப் பார்க்காமல் ஏக்கமாகத்தான் இருக்கிறது, பெற்ற வயிறு இல்லையா. லீவு கிடைக்கும்போது வா.

மழை ஊர் என்கிறார்கள், ஈரத்தலையோடு வெளியே போகாதே. பெருமாள் உனக்கு நல்ல புத்தியும் தீர்க்காயுசும் தரட்டும். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள், கரண்டி விஷயம் டெனீஸுக்குத் தெரியாது, நீ வாய்தவறிச் சொல்லிவிடாதே, பாவம், நொந்துபோவாள். நகோமி சாப்பிட்டாளா என்று கேட்டேனே, சாப்பிட்டாள். புளி கொஞ்சம் தூக்கல், ஆனாலும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

உன் அம்மா,
அலமு