கதவு திறந்தும் கத்தாத வண்டி

கூமோ,
பிப்ரவரி, வியாழன் மாலை

அன்புள்ள மெர்விக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே நலம். இதை எழுதிவிட்டு, முழுக்க உண்மைதானா என்று ஒருமுறை யோசித்தேன். அம்மாவின் முழங்காலைத் தவிர்த்தால் உண்மைதான். அங்கே பெர்த்தில் வெயில் வாட்டுகிறது என்றாய், நீயும் பிள்ளைகளும் தண்ணீரை நிறையக் குடித்துச் சுகமாக இருங்கள். இங்கே ஏரி நன்றாக உறைந்துவிட்டது, குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கி அப்படியே நிற்கிறது. இனியும் வண்டி ஓட்டத்தான் வேண்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்தேனே, அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. தொலைபேசியில் எனக்கு வார்த்தைகள் வரிசையாக வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ரைமோவிடம் நீ தனியாகப் பேசி, அப்பாவின் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் எனக்குத் தெரியும். அவனுக்கு ரகசியம் தங்காது. சாவியை நானே கொடுத்துவிட்டேன், அவன் கேட்பதற்கு முன்பே. எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிர்காலத்தில் வண்டியின் பேட்டரி மூன்று தடவை செத்தது. மூன்று தடவையும் காரணம் ஒன்றே, முன்விளக்கை அணைக்காமல் இறங்கிவிட்டேன். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம், நம்முடையது பழைய வண்டி, விளக்கைக் கையால்தான் அணைக்க வேண்டும், இதெல்லாம் உனக்கே தெரியும். இத்தனை வருடம் அணைத்தவன் இப்போது ஏன் மறக்கிறேன்? மூன்றாவது தடவை மாதாகோவில் வாசலில், உன் அம்மா பாட்டுக் குழுவில் பாடி முடித்து வெளியே வந்தபோது, வண்டி முனகக்கூட இல்லை. ரைமோ வந்து கயிறு கட்டி இழுத்துப்போய்த் தன் லாரி நிற்கும் சூடான கொட்டகையில் நிறுத்தி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினான். மறுநாள் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், விளக்கு எரியும்போது கதவைத் திறந்தால் வண்டி கீச்சென்று கத்துமே, அது கத்தினதாக எனக்கு நினைவில்லையே என்று. அவன் ஓட்டுநர் கதவைத் திறந்தான், வண்டி கத்தியது. கதவு இடுக்கில் ரப்பர் தொப்பி போட்ட சின்னப் பொத்தான் ஒன்று இருக்கிறதல்லவா, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று வண்டிக்குச் சொல்வது, அதையும் அழுத்தி அழுத்திப் பார்த்தான். “பொத்தான் நல்லாத்தான் இருக்கு, அளவுக்காரரே. கோளாறு இன்னும் கொஞ்சம் மேல இருக்கு” என்று சொல்லித் தன் நெற்றியைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் சாவியைக் கொடுத்தேன். நில அளவைத் துறையில் காலம் முழுக்க எதையும் இரண்டு முறை அளந்தவன், என் தலையை மட்டும் எதைக் கொண்டு அளப்பது என்று தெரியாமல் தவித்தேன். உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவரிடம் போகும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. உரிமம் போனால் வண்டி போகும், வண்டி போனால் பள்ளி நாட்களில் மட்டும் வரும் பேருந்தை நம்பி இந்த ஏரிக்கரை வீட்டில் நாங்கள் இருக்க முடியாது. நகரத்தில் இரண்டு அறை வீடு பார்க்கலாம் என்று நீ நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் அம்மா அன்றிலிருந்து நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு ஏரியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு நாள் காலையில் அவளை முழங்கால் பயிற்சிக்கு ரைமோவின் மனைவி கூட்டிப்போவதாக இருந்து, வர முடியாமல் போயிற்று. சாவியைத் திரும்ப வாங்கி நானே புறப்பட்டேன். நான் முதலில் ஏறினேன், உள்ளே இருட்டு. அம்மா தன் பக்கக் கதவைத் திறந்ததும் கூரை விளக்கு எரிந்தது. நான் கையைக் கதவில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். “என்ன, ஏறினதும் தூக்கமா? கதவைச் சாத்து, உறைஞ்சு போறேன்” என்றாள். என் கதவு திறந்தது வண்டிக்குத் தெரியவில்லை, அவள் கதவு திறந்தது தெரிகிறது! ரைமோ பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்ததே என்று வழி முழுக்க யோசித்தேன். அவன் பார்த்தது சூடான கொட்டகையில். என் வண்டி நிற்பது முற்றத்துக் குளிரில்.

திரும்பி வந்ததும் நீள வயரை இழுத்து, அம்மாவின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். கதவைத் திறந்தால் விளக்கு இல்லை. பொத்தான் உள்ளேயே அமுங்கிக் கிடந்தது. சூடான காற்றை அதன்மேல் பிடித்தேன். மெல்ல, நத்தை தலை நீட்டுவது போல வெளியே வந்தது, கூரை விளக்கும் எரிந்தது. என் கண்ணை நானே நம்பாமல், கதவை மூடி ஆறவிட்டு மறுபடி செய்தேன், மறுபடியும் அதே கதை. அம்மா சன்னலைத் தட்டினாள். “ஏ மனுஷா, வண்டிக்கு முடி உலர்த்துறியா? எனக்கு ஒரு நாளாவது இப்படிப் பிடிச்சிருக்கியா?” என்று கேட்டாள். தொப்பியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கெட்டியாக, வெள்ளையாக, மெழுகு மாதிரி. உடனே புரிந்துவிட்டது. கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ரப்பர் விளிம்புக்கெல்லாம் பூச்சுப் பூசுவேன். இந்தத் தடவை கடையில் அந்தப் பூச்சுக் குச்சி தீர்ந்துபோயிருந்தது, சவுனா குளியலறை அலமாரியில் இருந்த வாசலினை எடுத்துப் பூசினேன். ஓட்டுநர் கதவுதான் முக்கியம் என்று அங்கே தாராளமாக. பொத்தானும் ரப்பர்தானே என்று அதற்கும். குளிரில் அது இறுகி, அமுங்கின பொத்தானை எழவிடாமல் பிடித்துக்கொண்டது. ஆக, வண்டியின் வாயை அடைத்தவன் நானேதான்.

ஒரு நிமிடம் எவ்வளவு நிம்மதி என்று உனக்கு எப்படிச் சொல்வேன். அடுத்த நிமிடமே மனம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. பொத்தான் கெட்டதால் வண்டி கத்தவில்லை, சரி. ஆனால் விளக்கை அணைக்க மறந்தது பொத்தான் இல்லையே, நான்தானே? இத்தனை வருடமும் நானாக நினைத்துத்தான் அணைத்தேனா, அல்லது அது கத்திக் கத்தி அணைத்தேனா? தெரியவில்லை மெர்வி. அதனால் பொத்தானைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை வண்டியை ஓட்டிப் பார்த்தேன். எனக்கு நினைவூட்டக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். பெரும்பாலும் அணைத்தேன். ஒரு நாள் கடை வாசலில் அணைக்காமல் இறங்கிப் போய், கறுப்பு ரொட்டியும் மீனும் வாங்கித் திரும்பினால், அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், விளக்கு எரிகிறது. “சத்தியம் வாங்கினியே, அதான் வாயைத் திறக்கல. ஆனா செத்த வண்டியில வீட்டுக்கு எப்படிப் போறது? பாதியில நானே அணைக்கலாமான்னு கையை நீட்டினேன், அப்புறம் எடுத்துட்டேன்” என்றாள். அன்று இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று காலை மருத்துவரிடம் போனேன். அவள் உன்னைவிடச் சின்னவள். நினைவுச் சோதனைக்குக் கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட எடுத்த பேனாவைப் பார்த்ததும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். பேட்டரி, பொத்தான், வாசலின், கடை வாசல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வெளியே காத்திருந்த அம்மா கதவு வழியாகக் கேட்டிருக்கிறாள், உள்ளே எட்டிப் பார்த்து, “டாக்டரம்மா, கல்யாணமான நாள்லேர்ந்தே இவர் அடுப்பை அணைச்சோமான்னு பாதி வழியில திரும்பிப் போற ஆளு. மறதின்னா அப்பவே மறதிதான்” என்றாள். மருத்துவர் சிரித்தாள், ஆனால் சிரித்து முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து யோசித்தாள். பிறகு, “அஞ்சு வருஷம் தர மாட்டேன். ரெண்டு வருஷம் தர்றேன். நடுவுல ஒரு தடவை வந்து இதே மாதிரி உண்மையைச் சொல்லிட்டுப் போங்க” என்றாள். நான் வாதாடவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் இரண்டு என்றுதான் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் சாராயத்தில் துணியை நனைத்துப் பொத்தானைத் துடைத்து, புதுத் தொப்பி போட்டேன். விளக்கை எரியவிட்டுக் கதவைத் திறந்தேன், கத்தியது. அம்மா உள்ளிருந்து, “போதும், அதைக் கத்தவிடாதே, காபி ஆறுது” என்றாள். ஏலக்காய் பன் சுட்டிருந்தாள். சன்னல் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், வயதானவனின் வீம்பு என்று நினைக்காதே. உன் வண்டியிலும் இப்படிக் கத்துவது எத்தனையோ இருக்கும். ஒரு நாள் அவை எல்லாம் வாயை மூடிக்கொண்டால் உனக்கு எது நினைவிருக்கும், எது இருக்காது என்று நினைத்துப் பார்த்து எனக்கு எழுது. உன் பதிலைப் படித்தால் என் பயம் கொஞ்சம் குறையும், அல்லது உனக்கும் கொஞ்சம் வரும். இரண்டு வருடம் முடியும்போது நகர வீட்டைப் பற்றி நானே பேச்செடுப்பேன், நீ ரைமோவிடம் கேட்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி. வெயிலில் தொப்பியில்லாமல் வெளியே போகாதே. சாவியை ரைமோவிடம் மறுபடி கொடுக்கவில்லை, வாசல் ஆணியில்தான் மாட்டியிருக்கிறேன். இந்த வரியை எழுதியதும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது.

உன் அன்பு அப்பா,
ஆர்மாஸ்