சிரிக்க வேண்டிய இடம்

என் வீட்டுக்காரிக்கு,

எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன் புள்ள! இது முழுக்க என் கையெழுத்து.

எங்கள் மனநல இல்லத்து நாடகத்தில் நான் மீனவன். வீசப்போன வலையிலேயே சிக்கி விழ வேண்டும், சிரிப்புக் கட்டம். அடிபடாமல் விழ எவ்வளவு பழகினேன் தெரியுமா! உச்சிப்புளியில் நாடகம் போட்டபோது நான் விழுந்ததும் முன்வரிசையே மேடைக்கு ஓடிவந்துவிட்டது.

"பெரியவருக்கு முடியலை போல, மாத்திரை போட்டாரா?"

"ஏலே, நான் நடிக்கிறேன்டா!" என்று கத்தினேன். இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பாவப்பட்டுக் கைதட்டினார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இராமேஸ்வரத்தில் மறுபடி நடிக்கிறோம். நீ வா. என்னோடு பேசக்கூட வேண்டாம், முன்னால் உட்கார். அன்று பாம்பனில் படகிலிருந்து நான் தண்ணீரில் விழுந்தபோது சிரித்தாயே, அப்படிச் சத்தமாகச் சிரி. நீ சிரித்தால் மற்றவர்களுக்கும் பயம் போய்விடும்.

உன் வீட்டுக்காரன்