உப்பு மூட்டைக்கு இடமிருக்கு

ஐப்பசி 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். கரி நனைந்துவிட்டது. கேபினுக்குப் பின்னால் மாட்டிய டிரம்மில் நனைந்த கரியைப் போட்டால் புகைதான் வரும், எஞ்சின் ஓடக் கேஸ் வராது. விசிறியைக் கையால் முக்கால் மணி நேரம் சுற்றிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது. பெட்ரோல் இருந்த காலத்தில் இரண்டு சுற்றில் கிளம்பும். இந்த உலகச் சண்டை வந்து, பெட்ரோல் போய், லாரியை அடுப்பங்கரை ஆக்கிவிட்டது. பெயர் டிரைவர். பிழைப்பு உலை ஊதுவது.

இன்றைய லோடு: புதுக்கோட்டையிலிருந்து மீமிசலுக்குக் கடலை மூட்டை. திரும்பும்போது திருச்சிக்கு உப்பு, 32 மூட்டை. நடுவில் எனக்கென்று கரி 8 மூட்டை. முதலாளிக்கு அந்த எட்டுதான் கண்ணை உறுத்துகிறது. "கரிய கொறைச்சு உப்பை ஏத்துய்யா" என்கிறார். கரி இல்லாமல் உப்பு என்ன நடந்தா போகும்?

மாமியார் ஊரிலிருந்து கடுதாசி. பெண்டாட்டி வள்ளி பிரசவத்துக்குப் போனது அங்கேதான். மீமிசலுக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம் அவர்கள் ஊர். பிள்ளைக்கு மூன்றாம் மாதம். 12ஆம் தேதி புதன், நல்ல நாள். 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. மாப்பிள்ளை லாரியிலேயே வந்து அழைத்துப் போகவும்.'

பிள்ளையை ஒரு தரம்தான் பார்த்தேன், பதினாறாம் நாள். பெண். மூக்கு என் மூக்கு. பாவம்.

தலைவலி.

ஐப்பசி 5, புதன்

மீமிசல். உப்பளத்தில் இரண்டு மணி நேரம் காத்திருப்பு. இந்த மாதத்து உப்பு, மழைக்கு முன்னாலேயே தண்ணீர் விடுகிறது. ஏற்றும்போது ஒரு கனம், இறக்கும்போது ஒரு கனம்.

லோடு ஏற்ற என்னோடு வரும் அடைக்கலத்திடம் தினமும் இதே பாடம்: பாரத்தைப் பின்னால் தள்ளினால் நார்த்தாமலை மேட்டில் முன்சக்கரம் தரையைத் தொடாது. முன்னால் தள்ளினால் ஸ்டேரிங் கல். பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக மூட்டை தூக்குகிறான், "சரிண்ணே" என்பான், பிறகு தன் இஷ்டம். என்னைவிட நாலு வயது மூத்தவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

திரும்பும்போது அறந்தாங்கிப் பக்கத்துச் சாவடியில் வரிசை. புதுக்கோட்டை சமஸ்தான எல்லை. ஒவ்வொரு வண்டியிலும் பர்மிட் கடுதாசி பார்த்து, மூட்டை எண்ணி, குத்திப் பார்த்து. நெருப்பை அணைக்க முடியாது, அணைத்தால் மறுபடி விசிறி. எரியவிட்டுக் கேபினுக்குள்ளேயே கண்ணை மூடினேன். எழுந்தபோது தலை இரண்டாகப் பிளந்தது. வாந்தி. அடைக்கலம் பித்தம் என்கிறான். இஞ்சிச் சாறு குடித்தேன். ஒரு புண்ணியமும் இல்லை.

வள்ளியும் பிள்ளையும் வரக் கேபினை ஒழுங்கு செய்ய வேண்டும். கதவுக்குச் சாக்குப் படுதா. பின் சன்னலில் வைக்கோல். காற்று வரக்கூடாது என்று மாமியார் கடுதாசியிலேயே எழுதியிருக்கிறாள்.

ஐப்பசி 7, வெள்ளி



அதே சாவடி. நல்ல மழை. நான் பர்மிட்டை எடுத்துக்கொண்டு சிப்பாயிடம் போனேன். அடைக்கலம் கேபினில் படுத்தான், புதுப் படுதாவை இழுத்துவிட்டு. கரி டிரம் கேபினுக்கு நேர் பின்னால், எரிந்துகொண்டு. ஒரு மணி நேரம் கழித்து வந்து கதவைத் திறந்தால் ஆள் தொங்கிக் கிடக்கிறான். கூப்பிட்டால் பதில் இல்லை. உதடு மட்டும் சிவப்பு.

வலிப்பு என்று கூட்டம் கூடிவிட்டது. "சாவியக் கையில குடுங்கய்யா!" "இரும்பப் புடிக்க விடு!" நானும் லாரி ஸ்பேனரை அவன் கையில் திணித்தேன், முட்டாள். ஸ்பேனர் விழுந்தது. யாரோ ஒரு வண்டிக்காரர் மட்டும், "மொதல்ல வெளிய இழுத்துப் போடு" என்றார். மழையில் இழுத்துப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் மூச்சு நீளமாக வந்தது. கண்ணைத் திறந்து கேட்டான்: "அண்ணே, சாவடி தாண்டிட்டமா?"

அழுதுவிட்டேன். மழை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி 8, சனி

திருச்சி. உப்பு இறங்கியது. அடைக்கலம் ஒரு மூட்டையும் தூக்கவில்லை, உட்கார்ந்திருந்தான். நான் தூக்கினேன். முதுகு போய்விட்டது.

கரி டிரம் மாட்டும் பட்டறையில் ஒரு ஃபிட்டர். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வலிப்பாவது பித்தமாவது. கேஸுய்யா. ஓடும்போது எஞ்சின் உறிஞ்சிக்கிரும், ஒண்ணும் பண்ணாது. நின்னா உறிஞ்ச ஆளில்ல, கசியும். வாசனை இருக்காது. தூங்குறவன் தூங்குனபடியே போயிருவான்."

"பெரியவங்களுக்கே இப்பிடின்னா..."

"சின்ன உசுருன்னா எவ்வளவு நேரம் ஆகும்ங்கிறியா? சொல்ல மாட்டேன். உள்ள ஏத்தாத."

வழியெல்லாம் படுதாவையும் வைக்கோலையும் பிய்த்து எறிந்துகொண்டே வந்தேன். என் கையால் மாட்டியது. அந்தப் புதன்கிழமைக்காக மாட்டியது.

ஐப்பசி 10, திங்கள்

கீழே போகும் வழியில் மாமியார் வீடு. பிள்ளை வளர்ந்திருக்கிறது. என்னைப் பார்த்துக் கத்தியது. கரி பூசிய முகம், யார்தான் கத்தமாட்டார்கள்.

சொன்னேன். கேபினில் உட்கார வைக்க முடியாது, வேறு வழி பார்ப்போம் என்று. விஷக் காற்று என்றேன். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே புளுகு மாதிரிக் கேட்டது.

மாமியார்: "ஏம் மாப்புள, நீங்க தெனமும் அதுலதான குந்தியிருக்கீங்க? ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஓடும்போது ஒண்ணும் இல்ல அத்தை. நிக்கிறப்பத்தான்..."

"ஆமா, ஆமா. உப்பு மூட்டைக்கு எடம் இருக்கு. பொட்டப்புள்ளைக்கு எடமில்ல."

வள்ளியைப் பார்த்தேன். அவள் பிள்ளையை மடியில் திருப்பிப் போட்டாள். "ஆம்பளப் புள்ளையா இருந்தா அணைச்சுத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் என் பக்கம் திரும்பவில்லை.

சுருக்கென்று கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். லாரியில் ஏறி, இரண்டு மைல் போன பிறகுதான் தெரிந்தது, அவள்மேல் கோபம் இல்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை. தூக்கம் இல்லை, அதுவும் ஒரு காரணம்.

வண்டி கட்டிப் போகலாம் என்றால் நார்த்தாமலையில் என் வீட்டுக்கு இரண்டு நாள் பாதை, மழை. வீடு சேரும் நாளும் தப்பும். நாள் தப்பினால் அப்பன் கூப்பிட வரவில்லை என்று ஊரே சொல்லும். பிள்ளைக்கு வாழ்நாள் பேச்சு.

ஐப்பசி 11, செவ்வாய்

மீமிசலில் தங்கல். தூக்கம் வராமல் படம் வரைந்து, பாரக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கேபினை ஒட்டி, அகலத்துக்கு ஐந்து, மூன்று அடுக்கு: 15
பின்னால் இரண்டு பக்கச் சுவர், நாலு நாலு: 8
உட்கார, படுக்கை வாட்டில்: 1
மொத்தம் 24. நடுவில் ஒரு குழி. டிரம்முக்கு எட்டத்தில், பின்பலகைப் பக்கம். மேலே தார்ப்பாய், பின்னால் திறப்பு. காற்று வரும். வைக்கோல், கம்பளி.

முப்பத்திரண்டில் எட்டு உப்பு மூட்டை இங்கேயே நிற்கும். முன்பாரம் கூடும், ஸ்டேரிங் கல்லாகும். ஆகட்டும்.

முதலாளி போன மாதமே சொன்னது: "ஒரு மூட்டை கொறைஞ்சாலும், ஒரு நாள் பிந்தினாலும் சாவிய வச்சிட்டுப் போயிரு." ஆள் சொன்ன சொல் மாறமாட்டார்.

அடைக்கலம் படத்தைப் பார்த்தான். "பின் அச்சுக்கு ரொம்ப முன்னாலண்ணே, பாரம் தப்பு" என்றான். பன்னிரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் பாடம் ஒப்பிக்கிறான். "தெரியும்டா, ஏத்து" என்றேன்.

ஐப்பசி 12, புதன்

சாவடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை.

காலை எட்டுக்கு மாமியார் வீட்டு வாசலில் லாரி. உப்புக் குழியைப் பார்த்ததும் மாமியார் வாயில் கை வைத்தாள். "பச்சை ஒடம்புக்காரிய மூட்டைக்கு நடுவுலயா? நான் வரமாட்டேன் இந்தக் கூத்துக்கு." அவள் வரவில்லை. வள்ளி காதில் துணி கட்டிக்கொண்டு ஏறினாள். அடைக்கலம் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தான். வள்ளி முகம் என் பக்கம் இல்லை.

மெதுவாகத்தான் ஓட்டினேன். ஸ்டேரிங் சொன்னபடியே கல். அறந்தாங்கி வரை வெயில், தாண்டியதும் வானம் இருட்டியது. சாவடி வந்தபோது முன்னால் ஒன்பது வண்டி. கிழக்கிலிருந்து சாரல் நேராகப் பின்பலகைக்குள் அடித்தது. கம்பளி நனைந்து, பிள்ளை வீறிட்டது. பின்திறப்பைச் சாக்குப் போட்டு மூடலாமா என்று அடைக்கலம் கேட்டான். மூடினால் டிரம் புகை உள்ளேதானே சுற்றும்.

சிப்பாய்: "என்னய்யா ஆளு நீ? பச்சப்புள்ள நனையுது, உள்ள கேபின் காலியாக் கெடக்கு!"

வரிசையில் இருந்த எல்லோரும் அதையே பார்த்தார்கள். வள்ளியும் பார்த்தாள். ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு டிரம்மின் கீழ்க்கதவைத் திறந்து கங்கு முழுவதையும் வாரி மழையில் கொட்டினேன். கை சுட்டது. எட்டு மணி நேரம் வளர்த்த நெருப்பு.

பின்னால் இருந்த டிரைவர்: "யோவ்! பைத்தியமா? எப்பய்யா கெளப்புவ?"

"சாயங்காலம்" என்றேன். "சுத்திக்கிட்டுப் போங்க."

நாலு பேர் லாரியை ஓரம் தள்ளினார்கள், திட்டிக்கொண்டே. கேபினின் இரண்டு கதவையும் திறந்துபோட்டேன். முதலில் நான் மட்டும் உள்ளே உட்கார்ந்தேன். அரை மணி. தலை வலிக்கிறதா என்று பார்த்தேன். அதுவரை அடைக்கலம் தார்ப்பாயை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், பிள்ளை தலைக்கு மேல். அவன் வள்ளியிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று தெரியாது. தான் இதே கேபினில் செத்துப் பிழைத்ததைத்தான் சொல்லியிருப்பான்.

பிறகு வள்ளியை ஏற்றினேன்.

உப்பு இன்றைக்குத் திருச்சி போகாது, நார்த்தாமலையில் என் வீட்டோடு நிற்கும். நாளை வேறு டிரைவர் வருவார், முதலாளி அனுப்புவார். சாவியை வாங்கிக்கொள்ளட்டும்.

வள்ளி பிள்ளையைத் துவட்டிக்கொண்டே: "ஆத்தா சொன்னத நம்பிட்டேன்."

நனைந்த கம்பளியை உதறிக் கதவில் போட்டேன். 

"கை காட்டுங்க." காட்டினேன். கொப்புளம். முந்தானையை நனைத்துச் சுற்றினாள்.

"தூக்குறீங்களா?"

வலது கையால் எழுதுகிறேன், இடது கையில் பிள்ளை இருக்கிறாள். மழை விட்டுவிட்டது. அடைக்கலம் விசிறியைக் காட்டி, "சுத்தவாண்ணே?" என்கிறான்.

வேண்டாம். இவள் தூங்கி எழட்டும்.