ஆதாமுக்கு முந்தின இலை

அக்கா,

நாளை சபையில் அப்பம் எடுக்கிற ராப்போஜன ஞாயிறு. வெள்ளைப் புடவையைத் துவைத்துக் காயவைத்துவிட்டேன். இஸ்திரிக்காரன் இந்தப் பக்கம் வந்து ஒரு வாரமாகிறது. மடித்து மேலே ஏதாவது கனமாக வைக்கலாமென்று தேடினபோது ஜன்னலோரம் இருந்த அந்தக் கல் கண்ணில் பட்டது. தூசி படிந்திருந்ததால் குழாயடியில் காட்டினேன். தண்ணீர் பட்டதும் புதுக்கிணறு வெட்டின மண்ணின் வாசனை குப்பென்று எழும்பியது. புடவையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை அடக்கம் பண்ணின பிறகு வருகிற முதல் ராப்போஜனம் இது. போகலாமா, வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இன்னும் இந்தப் பயமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பயம் எனக்குக் கூடப் பிறந்தது.

இந்தக் கல் கிடைத்த காலத்தில் சித்தூரில் பயப்படாதவர் யார்? ஆந்திரா தனி ராஜ்யமாகி, நாம் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று ஊரே கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தது. கலெக்டர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் தெலுங்கு எழுத்தைச் சிலேட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். நம் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். தமிழ் வகுப்பை எடுத்துவிடுவார்கள் என்று வாரம் ஒரு வதந்தி வரும். நீங்கள் சயின்ஸ் டீச்சர். "தவளைக்கு தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. எனக்கு இன்னாடி கவலை?" என்பீர்கள்.

அந்த வருஷம் பெண்களைக் கூட்டிக்கொண்டு சத்தியவேடு பக்கம் எக்ஸ்கர்ஷன் போனோம். சாப்பாட்டுக்கு நிறுத்தின தோப்பில் யாரோ கிணறு வெட்டி, வெளுப்பாக ஏடு ஏடாய்ப் பிரிகிற கல்லைக் குவித்து வைத்திருந்தார்கள். நீங்கள் புளிசாதத்தைக் கூடத் தொடாமல் அந்தக் குவியலில் ஏறிவிட்டீர்கள். ஒரு கல்லை எடுத்து ஓரத்தில் தட்டினீர்கள். அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஓர் இலை. ஒரு பாதியில் மேடாக, மறு பாதியில் பள்ளமாக, நரம்பு நரம்பாக.

"ஏய், இங்க வந்து பாரு. இது இன்னா சொல்லு?"

"ஈச்சங்கீத்து மாதிரி இருக்குதுக்கா. யாரோ அழகா செதுக்கிக்கீறாங்க."

"செதுக்கினவரு யாருன்னு அப்பறமா பேசலாம். மொதல்ல இத்த புடி." பள்ளமாக இருந்த பாதியை என் கையில் திணித்தீர்கள். மற்றதை உங்கள் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். கல்லை மடியில் வைத்துக்கொண்டு, இது எந்தக் காலத்து இலை என்று கேட்டேன். மனுஷரே இல்லாத காலம் என்றீர்கள். ஆதாமுக்கும் முந்தியா என்றேன். ஆதாமுக்கும் முந்தி என்றீர்கள், பஸ் டிக்கெட் விலை சொல்வதைப்போல.

"அப்ப இந்த எலையும் செத்துத்தானே போயிருக்கு?"

நீங்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் எதற்குக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மெர்சியைப் புதைத்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள்தானே.

என் மூத்தவள் மெர்சி ஜுரத்தில் போனபோது நடக்கக்கூடப் பழகவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் நின்று நம் போதகர் சொன்னார்: ஒரே மனுஷன் பண்ணின பாவத்தால்தான் மரணம் உலகத்துக்குள் வந்தது, அதேபோல் ஒருவரால்தான் உயிர்த்தெழுதலும் வரும் என்று. அது அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது. என் குழந்தை காரணமில்லாமல் சாகவில்லை, எப்போதோ யாரோ பழத்தைப் பறித்தார்கள் என்று பிடித்துக்கொண்டேன். ஏவாளை மனசாரத் திட்டினேன். திட்ட ஓர் ஆள் இருந்தது பெரிய உதவி.

ஆனால் ஆதாமுக்கு முன்பே இலை செத்திருந்தால்? பூச்சியும் மீனும் செத்திருந்தால்? முதல் பாதி பொய்யென்றால் இரண்டாம் பாதி மட்டும் எப்படி நிற்கும்? மெர்சியை நான் திரும்பப் பார்ப்பேன் என்பது அந்த இரண்டாம் பாதியில்தானே இருந்தது? அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லை வீசிவிடலாமென்று கொல்லைப்புறம் வரை போவேன், திரும்பக் கொண்டுவந்து வைப்பேன்.

மதிய மணி அடித்தும் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள்.

"துன்னுடி மொதல்ல."

"மெர்சி ஏன் செத்தா, சொல்லுங்க. அப்பறம் துன்றேன்."

"ஜுரம் வந்துது, செத்தா. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. உன் மேலயும் இல்ல. ஏவாள பாவம் உட்டுடு, எவ்ளோ நாளு திட்டுவ அவள?"

"அப்ப நான் யாரக் கேக்கறது?"

"ஆண்டவரையே கேளு. நடுவுல எதுக்கு ஆதாமு? பயமா இருந்தா பயந்துக்கினே கேளு. அவருக்கு அது புதுசில்ல."

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. வேதத்தில் ஆறு நாள் என்று போட்டிருக்கிறதே என்று மடக்கினேன். சூரியனே நாலாம் நாள்தான் வருகிறது, முதல் மூன்று நாளும் சாயங்காலம் எப்படி ஆனது, எழுதினவருக்கு அது தெரியாதா என்று திருப்பிக் கேட்டீர்கள். "அவரு கடியாரம் பாத்து எழுதலடி. யாரு கையில உலகம் கீதுன்னு சொல்றதுக்கு எழுதினாரு."

சரி, நீங்கள் வகுப்பில் நடத்துகிறபடி மிருகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்தோமென்றால் முதல் மனுஷன் யார் என்றேன். புத்தூர்க்காரியான நீங்கள் உங்கள் ஊர் வழியாகப் போகிற ரயிலைப் பேச்சுக்குள் இழுத்தீர்கள்.

"அரக்கோணத்துல காப்பி விக்கறவன் தமிழ்ல கூவறான். ரேணிகுண்டாவுல தெலுங்குல கூவறான். எந்த ஸ்டேஷன்ல மாறிச்சு?"

"புத்தூர்ல."

"எங்க வூட்ல அம்மா தமிழ்ல திட்டுவாங்க, நைனா தெலுங்குல சமாதானம் சொல்லுவாரு. எங்க வூட்ல எந்த ரூம்புல மாறிச்சு?" என்று கேட்டுவிட்டு நீங்களே சிரித்தீர்கள். "கோடு எங்கன்னு நமக்கு தெரியாது. அதுக்காக ரேணிகுண்டாவே இல்லன்னு ஆயிடுமா? தேவன் ஒரு எடத்துல நின்னு, இனிமே நீ என்கிட்ட பதில் சொல்லணும்னு சொல்லிக்கீறாரு. அது எந்த எடம்னு அவருக்கு தெரியும்."

"கோட்டு மேலயே இருந்தவங்க கதி?"

"நம்ம சித்தூர் ஜனம் மாதிரி ரெண்டு பக்கமும் பாத்துக்கினு பயந்துக்கினு இருந்திருப்பாங்க."

நானும் சிரித்துவிட்டேன். டப்பாவையும் திறந்தேன். பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் நகர்ந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

விஷயம் வெளியே போகாமல் இருக்குமா? டீச்சரம்மா குரங்குக் கதை சொல்கிறார் என்று ஒரு பெண்ணின் தகப்பனார் போதகரிடம் போய்ச் சொல்லிவிட்டார். நம் சபையில் ராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்தக் கூட்டம் உண்டு. சண்டை போட்டவர்கள் அங்கே சமாதானமாக வேண்டும். விசுவாசத்தில் குறையுள்ளவர்கள் மறுநாள் பந்திக்கு வரக்கூடாது. எப்போதும் மாமியார் மருமகள் தகராறுதான் வரும். அன்றைக்கு உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"தேவன் ஆதாமை மண்ணினால் உருவாக்கினார் என்று விசுவாசிக்கிறீர்களா அம்மா?" என்றார் போதகர். கெட்ட மனுஷர் இல்லை.

"மண்ணுலேந்துதான் உண்டாக்கினாருங்க ஐயா. எவ்ளோ நாளு எடுத்துக்கினாருன்னு நான் அவர கணக்கு கேக்கல."

ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னார். ஆமென்று சொல்லித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இரண்டும் பாதி பொய்யாகும், பொய்யை வைத்துக்கொண்டு பந்திக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறவரை உங்களைப் பந்தியிலிருந்து நிறுத்தி வைப்பதாகத் தீர்ப்பானது.

மறுநாள் நீங்கள் வரமாட்டீர்கள் என்றிருந்தேன். வந்தீர்கள், வெள்ளைப் புடவையோடு, கடைசி பெஞ்சுக்கு. வழக்கமான இடத்தை விட்டு நானும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். எல்லோரும் எழுந்து முன்னால் போனபோது நான் எழவில்லை. இலையைப் பற்றி உங்களுக்கு ஒரு தெளிவாவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. உங்களையே நிறுத்தினார்கள் என்றால் நான் எந்த முகத்தோடு போவது? நானும் இப்படியே இருந்துவிடுகிறேன் என்றேன்.

நீங்கள் என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினீர்கள்.

"போடி. போய் எடு. எனக்கும் சேத்து எடு."

போனேன். அப்பத்துணிக்கையைக் கையில் வாங்கினேன். உங்களுக்கும் சேர்த்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாயில் போட்டேன். என் விசுவாசம் அன்று எவ்வளவு இருந்ததோ தெரியாது. ஆனால் இன்னொருத்திக்காக எடுக்கும்போது, எனக்குத் தகுதி உண்டா என்று யோசிக்க நேரமில்லை.

எல்லைத் தகராறு தீர்கிறவரை அப்படித்தான் நடந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போனதும் அந்த ஊர்க்காரரான போதகரும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். புதிதாக வந்தவர் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். உங்களை நிறுத்தி வைத்த சங்கதியை அவர் காதில் போட ஒருவரும் முன்வரவில்லை. முதல் ஞாயிறே அவர் கடைசி பெஞ்சைப் பார்த்து, "ரண்டம்மா, ரண்டி" என்று கையாட்டிப் பந்திக்குக் கூப்பிட்டார். நீங்கள் திகைத்துப்போய் எழுந்து நின்றீர்கள். எல்லை பிரித்தவர்களால் சித்தூரில் யாருக்கு என்ன லாபமோ, உங்களுக்கு அப்பம் கிடைத்தது என்று பிற்பாடு எத்தனையோ தரம் கேலி பண்ணியிருக்கிறேன். அன்று மட்டும் கேலி வரவில்லை. உங்களுக்குப் பின்னால் நடந்து வரும்போது அழுதேன்.

போன மாதம் உங்கள் பெட்டிக்கு முன்னால் இப்போதைய போதகர் மெர்சிக்குச் சொன்ன அதே வசனத்தைத்தான் வாசித்தார். பழைய பயம் அப்படியே திரும்ப வந்தது. மூடுவதற்கு முன் உங்கள் அலமாரியிலிருந்த கல்லின் மேட்டுப் பாதியைக் கைக்குட்டையில் சுற்றி உங்கள் கையருகே வைத்தேன்.

ஆதாமைப் பற்றி இன்னும் எனக்கு முடிவாக ஒன்றும் தெரியாது, அக்கா. கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், நீங்கள் சொன்னமாதிரி பயந்துகொண்டே. மெர்சியைப் பார்ப்பேனா என்றும் கேட்கிறேன். இப்போது உங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் அங்கே அவளைப் பார்த்திருந்தால், நடக்கப் பழகிவிட்டாளா என்று பாருங்கள்.

புடவையை மடித்துக் கல்லை மேலே ஏற்றிவிட்டேன். காலையில் மடிப்பு நின்றிருக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடும்போது எழுந்து போவேன். முழங்கையைத் தள்ள ஆளில்லை. ஆனாலும் போவேன். உங்களுக்கும் எடுக்க வேண்டுமே.