ஆண்கிளிக்கு நான் வைத்த பெயர்

இன்று பொன்னமராவதிச் சந்தையில் ஒருவன் ஜோடிக் கிளிகளைக் கூண்டோடு என் முகத்துக்கு நேராக நீட்டினான். "வாங்கிக்கங்க ஆத்தா, பேரு வச்சுக் கூப்பிட்டாப் பேசும்." கூண்டைக் கையால் தட்டிவிட்டேன். அவன் வைத வசவெல்லாம் எனக்குத் தகும்.

நம் வீட்டுக் கிளிகளுக்குப் பெயர் வைத்தவள் நான்தானே. காற்றில் சாய்ந்த பனையின் பொந்திலிருந்து நீ எடுத்துவந்து வளர்த்த ஜோடி. ராமன், சீதை என்று வைப்போம் என்றாய். நாசமாய்ப் போன என் வாய், "வேலு, வள்ளின்னு வையிடி" என்றது. வேலு உன் புருஷன், என் கொழுந்தன். கட்டியவன் பெயரை நாம் யாரும் வாயால் சொல்வதில்லை. எவராவது கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வோம். குடித்துவிட்டு உன்னை மிதிக்கிறவனை, கிளியைச் சாக்கிட்டாவது நீ பேர் சொல்லித் திட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. நீயும் லேசுப்பட்டவளா? மிளகாயை நீட்டி, "அடேய் வேலு, கையைக் கடிச்சே, கழுத்தைத் திருகிருவேன்" என்பாய். அடுப்படியில் எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

அன்று அவன் வாசலில் நின்று கேட்டுவிட்டான். உள்ளே வந்தான், ஆண்கிளியின் கழுத்தைத் திருகி உன் மடியில் எறிந்தான். "எம் பேரையாடி சொல்றே?" என்று உலக்கையை எடுத்தான். நான் குறுக்கே விழுந்தேன். தள்ளிய தள்ளில் சுவரில் போய் மோதினேன். உன் விலா முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கூண்டுக்குள் வள்ளி இறக்கையடித்துக் கத்திக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சமஸ்தானத்துப் போலீஸ் ஏட்டு வந்தார். "அடிச்சது யாரும்மா? பேரைச் சொல்லு."

நீ வாயைத் திறந்தாய், முதலில் ரத்தம்தான் வந்தது. "இனி அந்தப் பேரு என் வாயில வராது. அக்கா, நீங்க சொல்லுங்க" என்றாய்.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். ஏட்டிடம், "கெணத்துப் படியில வழுக்கி விழுந்துட்டாய்யா" என்றேன்.

நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமடி. மறுநாள் உன்னைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

அவன் நன்றாகத்தான் இருக்கிறான். வேறு யாரும் அவனுக்குப் பெண் கொடுக்கவில்லை, அதனால் சோறு போடுவது நான்தான். "வேலு, சாப்பிட வா" என்று இரண்டு வேளையும் கூப்பிடுகிறேன். நாக்குக் கூசாமல் வருகிறது, அன்றைக்கு வராத அந்தப் பேர்.