இருபத்திரண்டாவது எபிசோடில் தூங்கிப்போனேன்

ஜனவரி 11, வியாழன்

காலை 5:40-க்குப் பேருந்துப் பணிமனை, நேரக் கண்காணிப்பு வேலை. 83-ஆம் எண் பேருந்து ஏழு நிமிடம் தாமதம். மதியம் நூடுல்ஸ், ராத்திரிக்கும் அதே நூடுல்ஸ். மனைவி ஷூஃபென் லெஷானுக்குப் போய் இன்றோடு நான்கு நாள். தங்கை வீட்டில் அடுத்த மாதம் வரும் சீனப் புத்தாண்டுக்கு சாசேஜ் அடைக்க உதவப் போகிறேன் என்றாள். முழுப் பன்றியை அடைத்தாலும் இரண்டு நாளில் முடிந்துவிடும். இன்னும் என்னத்தை அடைக்கிறாளோ.

சாயங்காலம் வெந்நீரில் கால் ஊறவைத்துக்கொண்டு செய்தி பார்க்கலாம் என்று டிவியைப் போட்டேன். செய்திக்குப் பதில் அவளுடைய நாடகம் வந்து நின்றது. 'பல் டாக்டரும் கேக் கடைக்காரியும்', ஒன்பதாவது எபிசோடு, பதினான்காவது நிமிடம். அவள் நிறுத்திவிட்டுப் போன இடம். ரிமோட்டில் எதையோ அழுத்தினேன், ஓட ஆரம்பித்துவிட்டது. கால் ஈரமாக இருந்ததால் எழுந்து போக முடியவில்லை. அதனால்தான் பார்த்தேன்.

ஜனவரி 12, வெள்ளி

கால் ஊறவைத்தேன். பத்தாவது எபிசோடு.

இந்த ஷென் டாக்டர் ஒரு பல்லையும் பிடுங்கி நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை நேரம் என்று ஒன்று கிடையாதா? நினைத்தபோது காரை எடுத்துக்கொண்டு கேக் கடைக்குப் போகிறான். அந்தப் பெண் தாவ்தாவ், சமதரையில் நடந்தாலும் வழுக்கி விழுகிறாள். ஒவ்வொரு தடவையும் இவன்தான் பிடிக்கிறான். பிடித்ததை மூன்று பக்கமிருந்து மெதுவாகக் காட்டுகிறார்கள். திரையின் குறுக்கே பார்க்கிறவர்கள் எழுதிய கருத்துகள் ரயில் மாதிரி ஓடுகின்றன: 'சர்க்கரை! சர்க்கரை! என் பல் போச்சு!' நாட்டில் எல்லாருக்கும் புத்தி கெட்டுவிட்டது.

பதினொன்றாவதும் பார்த்தேன். அவன் அம்மா வந்து என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டாமா?

ஜனவரி 14, ஞாயிறு

மோசம் போனேன்.

முந்தாநாள் நான் பதினொன்றோடு நிறுத்தினேன். இன்று போட்டால் பன்னிரண்டு, இருபதாவது நிமிடத்தில் நிற்கிறது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நிஜமாகவே பயந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. மகள் ருய்ருய் இந்த வீட்டு டிவிக்கும் சித்தி வீட்டு டிவிக்கும் ஒரே கணக்கைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இங்கே நான் நிறுத்தும் இடம் அங்கே தெரியும். அங்கே அவள் நிறுத்துவது இங்கே தெரியும்.

அப்படியானால் நான் பார்த்தது மொத்தமும் அவளுக்குத் தெரியும்.

உடனே பின்னால் ஓட்டி ஒன்பதாவது எபிசோடு, பதினான்காவது நிமிடத்தில் கொண்டுபோய் வைத்தேன். இனி தினமும் பார்த்து முடித்ததும் இப்படித்தான். திருடன் செருப்பைத் திருப்பி வைத்த கதை.

ஜனவரி 16, செவ்வாய்

ஷென்ஜெனிலிருந்து ருய்ருய் பேசினாள்.

"அப்பா, அம்மா கேக்கச் சொன்னாங்க. நாடகம் ஏன் திரும்பத் திரும்ப ஒன்பதுக்கே போகுதாம்? நம்ம வீட்டு டிவி கெட்டுப்போச்சா?"

"ஆமா. பழைய பெட்டி. தானா ஓடுது."

"தானா ஓடி, தானா திரும்பி வருதா?"

"குளிர்காலம்ல."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா தெரியவில்லை. "அம்மா எப்ப வராங்களாம்?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "நீங்களே கேளுங்களேன்" என்று வைத்துவிட்டாள்.

ஏன் நான் கேட்கணும்? போனது அவள்.

ஜனவரி 18, வியாழன்

சந்திர நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாள். எல்லார் வீட்டிலும் எட்டுத் தானியக் கஞ்சி. பணிமனைக் கேன்டீனில் எனக்கும் ஒரு கிண்ணம். சர்க்கரை போட மறந்துவிட்டார்கள்.

பிரேக் பிரிவு மெக்கானிக் ஷியே பக்கத்தில் உட்கார்ந்தான். தொண்ணூறு கிலோ, கையெல்லாம் கிரீஸ். பேச்சுவாக்கில், என் மனைவி பார்க்கிற நாடகத்தில் ஒரு பல் டாக்டர் வருகிறான், சுத்த மடையன் என்றேன். ஷியே கரண்டியைக் கீழே வைத்தான்.

"பதினாறு வரைக்கும் வந்துட்டீங்களா அண்ணே?"

"பதினாலு."

"பதினாறு பாக்கும்போது பக்கத்துல யாரும் இல்லாம பாத்துக்கோங்க."

கழுவப் போவதுபோல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நழுவினான்.

ஜனவரி 20, சனி

இன்று டிவியைப் போட்டதும் ஏழாவது எபிசோடில் நின்றது. முன்னேறாமல் பின்னால் போயிருக்கிறாள். நான் பார்க்காத எபிசோடு.

டாக்டரின் நண்பர்கள் கூட்டமாகச் சாப்பிடுகிறார்கள். இவன் தாவ்தாவைப் பற்றி ஏதோ கேலி பேச, மேசையே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று சொல்கிறாள்: "எல்லாரும் சிரிச்சாங்க, அதனால நானும் சிரிச்சேன். வேற என்ன பண்ண முடியும்?" சரியாக அந்த வசனத்தில்தான், நிறுத்திய இடத்தைக் காட்டும் குறி நின்றிருந்தது.

இது எனக்குத்தான் என்று புரிந்தது.

ஆறாம் தேதி அவளுடைய நடனக் குழுவின் ஆண்டு விருந்து. மேசையிலேயே சட்டியில் வேகவைத்துச் சாப்பிடும் கொதிசட்டிக் கடை, இரண்டு மேசை, பதினெட்டுப் பெண்கள், நாலைந்து புருஷன்மார். நான்தான் ஆரம்பித்தேன். "எங்க வீட்டம்மா ராத்திரியெல்லாம் ஒரு பல் டாக்டருக்காக அழுவுறாங்க. எனக்குப் பல்வலி வந்தா மாத்திரை டப்பா எங்கேன்னுகூட அவங்களுக்குத் தெரியாது." இரண்டு மேசையும் சிரித்தது. அந்த ருசியில், ஐம்பத்தைந்து வயதில் காதல் கேட்குதாம் என்று இன்னொன்றும் சொன்னேன். ஷூஃபெனும் சிரித்தாள். சட்டியிலிருந்து ஒரு துண்டு குடலை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தாள். எல்லாம் நல்லபடிதான் இருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் காலை பெட்டி கட்டியிருந்தாள்.

அவளுடைய சிநேகிதிகள் முன்னால் அவள் முகத்தை உரித்துத் தொங்கவிட்டுவிட்டு, குடலும் தின்றிருக்கிறேன்.

ஜனவரி 21, ஞாயிறு

யோசித்தேன். அவள் குறி வைத்துப் பேசினால் நானும் பேசலாம். பதிமூன்றாவது எபிசோடில் தாவ்தாவுக்குக் காய்ச்சல். ஷென் டாக்டர் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய்க் கதவடியில் நின்று, "உள்ள வரலாமா?" என்கிறான். அந்த 'உள்ள வரலாமா'வில் கொண்டுபோய் நிறுத்தினேன். வினாடி கணக்குப் பார்த்து நிறுத்துவது எனக்குத் தொழில்.

ஜனவரி 22, திங்கள்

பதிலுக்கு அவள் நிறுத்தியது: தாவ்தாவ் கதவைத் திறந்து, கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மறுபடி சாத்துகிற இடம்.

சரி. கிண்ணத்தை வாங்கினாள் அல்லவா.

ஜனவரி 24, புதன்

பதினாறு. ஷியே சொன்னது சரி.

அவனுக்கென்று ஒரு மழை வரவேண்டுமா, வந்தது. குடை பறக்கவேண்டுமா, பறந்தது. எல்லாம் தெரிந்த சங்கதி. இருந்தும் அவன் முத்தம் கொடுக்கக் குனியும்போது கால் தொட்டியைத் தட்டிவிட்டேன், வீடெல்லாம் தண்ணீர். ஐம்பத்தேழு வயது மனுஷன் தரையைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறேன். இதில் எந்தக் கெட்டவனும் இல்லை, யாரும் சாவதில்லை. ஒருத்தன் ஒருத்தியிடம் நல்லபடி நடந்துகொள்ள முப்பது எபிசோடு படாத பாடு படுகிறான். இதைத்தான் அவள் தினமும் பார்த்தாளா? நான் பேருந்து தாமதங்களைப் பற்றி மட்டுமே பேசுகிற வீட்டில்?

ஜனவரி 26, வெள்ளி

இன்று டபுள் டியூட்டி. இருபதாவது எபிசோடின் கடைசியில் டாக்டர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறான். அங்கே குறி வைக்கப் போகிறேன். பார்த்துக்கொண்டே—

ஜனவரி 27, சனி

நாசமாய்ப் போச்சு.

நேற்று கால் ஊறவைத்தபடியே தூங்கிவிட்டேன். நாடகம் யாரைக் கேட்டது, தன் பாட்டுக்கு அடுத்தது, அதற்கடுத்தது என்று ஓடியிருக்கிறது. பிறகு 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று கேட்டுவிட்டுத் தானே நின்றிருக்கிறது. எங்கே? இருபத்திரண்டாவது எபிசோடு, கடைசி நிமிடம். ஷென் டாக்டர், அவன் அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டு, தாவ்தாவிடம் சொல்கிறான்: "நாம பிரிஞ்சிடறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

காலையில் அதைப் பார்த்ததும் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் பசையை விழுங்கிவிட்டேன். உடனே இருபதுக்குத் திருப்பினேன். அதற்குள் அவள் பார்த்திருந்தால்?

ஜனவரி 28, ஞாயிறு

குறி நகரவில்லை.

ஜனவரி 29, திங்கள்

நகரவில்லை. ஃபோன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. தங்கை எண்ணுக்குச் செய்தேன். "அக்கா குளிக்கிறா."

ஜனவரி 30, செவ்வாய்

இன்று நான்கு முறை ஃபோன். நான்கு முறையும் குளிக்கிறாளாம். ஜனவரிக் குளிரில் எவளாவது நாலு தடவை குளிப்பாளா?

பிப்ரவரி 1, வியாழன்

ருய்ருய் பேசினாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"அப்பா, அம்மா புத்தாண்டுக்கு லெஷான்லயே இருக்கப் போறாங்களாம். நான் ஒன்பதாம் தேதி எங்க வரணும்? அங்கயா, சித்தி வீட்டுக்கா?"

"ஏன், என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. 'உங்கப்பா எதுக்கு இருபத்திரண்டுல நிறுத்துனார்'னு மட்டும் கேட்டாங்க. என்னப்பா அது இருபத்திரண்டு?"

தூங்கிட்டேன்மா என்றேன். "அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றாள்.

புத்தாண்டு இரவுச் சாப்பாட்டுக்கு இந்த மேசையில் ஷூஃபென் உட்காராமல் ஒரு வருஷமும் போனதில்லை. இருபத்தொன்பது வருஷம். எனக்கு அவள் வேண்டும். இதை நான் இதுவரை எழுதினதில்லை, அவளிடம் சொன்னதும் இல்லை. சீ, ஒரு டிவிப் பெட்டி மூலமா குடும்பம் நடத்தப் பாத்தேனே, எனக்குப் புத்தி எங்கே போச்சு.

பிப்ரவரி 3, சனி

செய்துவிட்டேன். 

சபையில் உரித்த முகத்தைச் சபையில்தான் ஒட்டவேண்டும். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, நடனக் குழு ஆடுகிற ஆற்றங்கரைத் திடலுக்குப் போனேன். ஷூஃபென் நீங்கலாகக் குழு முழுக்க வந்திருந்தது. தலைவி ஹோவ் அக்கா ஒலிபெருக்கியில் பாட்டுப் போடப் போனாள். "அக்கா, ஒரு நிமிஷம் மைக்கைக் குடுங்க" என்றேன்.

"என்ன பான் தம்பி, பஸ்ஸு லேட்டா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எழுதி வைத்திருந்த சீட்டு சட்டைப் பையில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு விருந்துல ஷூஃபெனைப் பத்திப் பேசி உங்களையெல்லாம் சிரிக்க வெச்சேன். இப்ப என்னைப் பத்திச் சொல்றேன், சிரிங்க. அந்தப் பல் டாக்டர் நாடகத்தை நான் ஒம்பதுலேர்ந்து இருபது வரைக்கும் பாத்துட்டேன். ஏழாவதையும் தனியா பாத்தேன். பத்தொம்பதுல அழுதேன். இருபத்திரண்டை நான் பாக்கல, தூங்கிட்டேன். ஷூஃபென், அங்க நிறுத்தினது நான் இல்ல, டிவி. காதல் கேக்குதான்னு உன்னைக் கேட்டேன். கேட்டது தப்பு. எனக்கும் கேக்குது."

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.  அப்போதுதான் ஹோவ் அக்கா கைப்பேசியைத் தாழ்த்தினாள். முதலிலிருந்தே படம் பிடித்திருக்கிறாள்.

மனைவிக்கு அடங்கின ஆம்பளைக்கு இந்த ஊரில் 'வெந்த காது' என்று பெயர். ஹோவ் அக்கா என் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "நல்லா குழைய வெந்திருக்குடி, இறக்கிடலாம்" என்றாள். பிறகு படத்தை நடனக் குழுவின் கைப்பேசிக் குழுவுக்கு அனுப்பினாள். ஷூஃபெனும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

குறி நகரவில்லை. பணிமனை முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துவிட்டது. ஷியே மட்டும் ஒரு ஆரஞ்சு கொடுத்தான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மதியம் வீட்டுக்கு வந்தால் பால்கனிக் கம்பியில் இருபது சாசேஜ் தொங்குகிறது. அடுப்படியில் ஷூஃபென். தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"நூடுல்ஸத் தவிர வேற எதுவும் சாப்பிடவே இல்லியா நீ?"

"கஞ்சி சாப்ட்டேன். ஒரு தடவ."

"மாத்திரை டப்பா மூணாவது இழுப்பறைல இருக்கு. இருபத்தொம்பது வருஷமா அங்கதான் இருக்கு."

சாப்பிட்டோம். பாத்திரம் நான் கழுவினேன். கழுவுகிறபோது பின்னால் வந்து நின்று சொன்னாள்: "அந்த நாடகத்தை நான் போன வருஷமே முடிச்சிட்டேன், பான். இது மூணாவது சுத்து. அங்க உக்காந்து நான் நாடகம் பாக்கல. நீ எதுவரைக்கும் வந்திருக்கேன்னுதான் தினமும் பாத்தேன்."

நான் குழாயை மூடினேன்.

"அப்புறம் இருபத்திரண்டுல வந்து நின்னுச்சு. தூங்கிட்டான்னு ஒரு மனசு சொல்லுது. நெஜமாவே சொல்றான்னு ஒரு மனசு சொல்லுது. ஒரு வாரம் சோறு இறங்கல எனக்கு." குரல் உடைந்துவிட்டது. ஈரக் கையோடு அவள் தோளைப் பிடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஷென் டாக்டர் இதை எப்போதும் உலர்ந்த கையால்தான் செய்கிறான்.

பிப்ரவரி 9, வெள்ளி

ருய்ருய் காலையில் வந்தாள். மீன், சாசேஜ், பன்னிரண்டு வகை. மேசையில் மூன்று பேரும்.

சாப்பாடு முடிந்ததும் நாடெல்லாம் புத்தாண்டு நிகழ்ச்சி பார்க்க, எங்கள் வீட்டில் இருபத்திமூன்றாவது எபிசோடு. டாக்டர் தனியாக அந்தப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தாங்கவில்லை. ஷூஃபென் என் பக்கம் சாய்ந்து, "முடிவு என்னன்னு சொல்லட்டுமா?" என்றாள்.

"வாயத் திறக்காத" என்றேன்.