விரத மாதத்து வேன்

மச்சான்,

சளிக்காக இன்று கிளினிக்கில் கொடுத்த மாத்திரை உறையில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கிறது: தூக்கம் வரலாம், வாகனம் ஓட்டாதீர்கள். அதை வாசித்தபோது உங்கள் நினைவு வந்தது. உங்கள் சர்க்கரை மாத்திரையின் உறையில் இத்தகைய எச்சரிக்கை எதுவும் இருக்கவில்லை. ‘உணவுக்குப் பின்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது.

சுங்கை காடுட் தொழிற்சாலையில் லாரி ஓட்டுநர்கள் குடித்திருக்கிறார்களா என்று வேலைக்கு முன் கருவியில் ஊதச் சொல்லிப் பரிசோதிப்பது என் பொறுப்பு. அக்காவைக் கட்டிய உரிமையில் நீங்கள் அதை வைத்தே என்னைக் கேலி செய்வீர்கள். சனிக்கிழமைகளில் நீங்கள் பீர் அருந்தியிருந்தால் உங்கள் வேனில் நான் ஏறமாட்டேன்; பேருந்துக்குக் காத்திருப்பேன். காவடிக்கு விரதம் தொடங்கிவிட்டாலோ நிலைமை வேறு. எதிர்ப்பட்டாலே முகத்தருகே வந்து, “ஊதிக் காட்டவா மாப்ள?” என்பீர்கள். திருநீற்று மணம்தான் வரும். நம் கோலா சாவா தோட்டத்தில் எல்லாருமே அந்த மாதத்தில்தான் உங்களை நம்பி நிம்மதியாக வேனில் ஏறினார்கள். நானும்தான்.

ஓர் ஆண்டு விரத மாதத்தில் ஒரு நாள் காலை, பூசைச் சாமான் வாங்கச் சிரம்பானுக்குப் புறப்பட்டோம். அக்கா பின் இருக்கையில். நான் உங்கள் பக்கத்தில். குளிரூட்டி ஓடியும் உங்கள் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. திரும்ப வேண்டிய சந்திப்பைத் தாண்டிப் போனீர்கள். அக்கா அதைச் சொன்னதும் அவள்மேல் எரிந்து விழுந்தீர்கள். அது உங்கள் இயல்பே அன்று. வேன் மெல்ல நடுக்கோட்டின்மேல் ஏறியது. ஓரமாக நிறுத்துங்கள் என்றேன்.

“ஒரு சொட்டு தொடலயே லா. எதுக்கு நிறுத்தணும்?” என்றீர்கள். நாக்குக் குழறியது. ஸ்டியரிங்கின்மேல் என் கையை வைத்த பிறகே நிறுத்தினீர்கள்.

அக்கா சொல்லித்தான் காரணம் விளங்கியது. விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் மாலைப் பூசைக்குப் பின். மாத்திரையோ வழக்கம்போல் காலையில். மருந்து விரதத்தை முறிக்காது என்பது உங்கள் முடிவு. வெறும் வயிற்றில் அதை விழுங்கி வந்திருந்தீர்கள். உடம்பில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது.

சாலையோரக் கடையில் சீனி மிகுதியாகப் போட்டுத் தேநீர் வாங்கி வந்தேன். நீங்கள் தலையைத் திருப்பிக்கொண்டீர்கள். ஒருமுறைகூட முறியாத விரதம் அது. அக்காதான் கிளாசை வாங்கி உங்கள் உதட்டருகே வைத்தாள்.

“பாவம் எனக்கு வரட்டும். குடிங்க.”

குடித்தீர்கள். சற்று நேரத்தில் முகம் தெளிந்தது. “முறிச்சதுதான் முறிச்சோம், ரெண்டு ரொட்டி சானாயும் சொல்லு மாப்ள” என்றீர்கள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான்தான் வேனைக் கிளினிக்குக்கு ஓட்டினேன். உண்ணாமல் இந்த மாத்திரை கூடாது, மருந்தைச் சீர்செய்து முடிக்கும்வரை வண்டி ஓட்டவும் கூடாது என்றார் டாக்டர். திருவிழாவோ நெருங்கியிருந்தது. கடலோரக் கோயிலுக்குத் தோட்டத்து மக்களை ஆண்டுதோறும் ஏற்றிச் செல்வது நீங்கள்தான். அதை விட்டுத்தரச் சம்மதிப்பீர்களா என்று நானும் அக்காவும் கவலைப்பட்டோம். கோயில் கூட்டத்தில் நீங்களே எழுந்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, சாவியை என் கையில் வைத்தீர்கள். இவர் ஓட்டினால் அடுத்த வருசக் காவடிக்குத்தான் போய்ச் சேருவோம் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். உரக்கச் சிரித்தவர் நீங்கள்தான்.

திருவிழாக் காலையில் நான் வேக வரம்பைத் தாண்டவே இல்லை. நீங்கள் இடப்பக்கம் அமர்ந்து பாட, வேன் முழுவதும் பின்பாட்டுப் பாடியது. பாலத்தின்மேல் போகும்போது திடீரென்று பாட்டை நிறுத்தினீர்கள். பதறி உங்களை அழைத்தேன்.

“ஒண்ணுமில்ல மாப்ள. இத்தன வருசமா இந்த ரோட்டுல ஓட்டுறேன். இங்க இவ்ளோ அழகா ஒரு ஆறு ஓடுதுன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

அதற்குப் பிறகும் நல்ல உடம்போடு பல ஆண்டுகள் வேன் ஓட்டினீர்கள். காவடி மாதத்தில் மட்டும் சாவியை நீங்களாகவே என்னிடம் நீட்டுவீர்கள். முதுமையில், உறக்கத்திலேயே அமைதியாகப் போனீர்கள்.

இப்போதும் அந்தப் பாலத்தைக் கடக்கிறேன். ஓட்டுகிறவன் கண் சாலையைவிட்டு விலகக் கூடாது. ஆகவே நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆற்றில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். அவர் சொல்வதை உங்களுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.